நோன்பில் முடிகிறது, மற்ற நாளில் ஏன் முடியவில்லை?



ரமலானில் நம் வீட்டுப் பதினான்கு வயதுப் பையன் சஹருக்கு எழுந்து விடுகிறான். அதன்பின் மாலை மக்ரிப் பாங்கு சொல்லும் வரை, நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 13 மணி நேரம், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவன் தொண்டையில் இறங்குவதில்லை. வகுப்பில் பக்கத்துப் பையன் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாலும் கை போகாது. ஒளு செய்யும்போது வாயில் எடுத்த தண்ணீரை, யாரும் பார்க்காத இடத்திலும் துப்பிவிடுகிறான். அதே பையன் ஷவ்வால் பிறந்து பத்து நாள் கழிந்ததும் டியூஷன் விட்டு வரும் வழியில் ஒரு பேக்கரியைத் தாண்டி வர முடியாதவனாகி விடுகிறான். முட்டை பப்ஸ், அதன்மேல் ஒரு குளிர்பானம், கையில் காசு மிச்சமிருந்தால் ஒரு சாக்லேட். வீட்டுக்கு வந்தால் ராச்சோறு வேண்டாம்.

"அவனுக்குக் கட்டுப்பாடே கிடையாது" என்று உம்மாமார் குறைப்படுகிறார்கள். அது சரியான கணிப்பு அல்ல என்பதற்கு ரமலானே சாட்சி. கட்டுப்பாடு அவனிடம் இருக்கிறது. அது எந்த நிலையில் வெளிவருகிறது, எந்த நிலையில் படுத்துவிடுகிறது என்று பார்ப்பதுதான் இந்த மாதப் பாடம்.

நோன்பில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். எல்லை தெளிவாக இருக்கிறது. பாங்குக்கு முன் கூடாது, பாங்குக்குப் பின் கூடும். "கொஞ்சமாகத் தின்னு" என்ற வழவழப்புப் பேச்சு அங்கே இல்லை. முடிவு முந்தின இரவே நிய்யத்தில் எடுக்கப்பட்டு விடுகிறது. பசி எடுத்து, பலகாரத்தின் மணம் மூக்கில் ஏறிய பிறகு உட்கார்ந்து யோசிக்க வேண்டிய தேவை இல்லை. வீடும் மஹல்லாவும் சேர்ந்து செய்கிறது. வாப்பா தின்றுகொண்டே மகனைத் தடுப்பதில்லை. மாலையில் நோன்பு திறப்பு உண்டு என்ற வாக்கு ஒரு நாளும் பொய்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது அல்லாஹ்வுக்காக என்ற எண்ணம்.

ஷவ்வாலில் இவற்றில் எத்தனை மிஞ்சுகிறது? எல்லை மங்கிவிடுகிறது, முடிவு கடை வாசலில் எடுக்கப்படுகிறது, கூட நிற்கும் நான்கு நண்பர்களும் தின்கிறார்கள். அங்கே அவன் மனவலிமையை மட்டும் நம்பி விட்டுவிட்டு, தோற்றால் அவனையே ஏசுகிறோம்.

நாலரை மணித் தெரு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று எந்த ஊரை எடுத்தாலும் பள்ளி விடும் நேரத்துத் தெரு ஒரே மாதிரிதான் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தவர்கள் நாம். சாயாவும் கூட ஒரு கடியும் என்பது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். பழம்பொரி, பருப்புவடை, ரசவடை எல்லாம் நம் தாத்தாமார் காலத்திலேயே உண்டு. ஆனால் அன்று அது வயல் வேலையோ கடல் வேலையோ முடித்து வந்தவர்களின் கடி. இன்று நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து, டியூஷனிலும் உட்கார்ந்து, இரவில் போனோடு படுக்கும் பிள்ளையின் கடி. கடி மாறவில்லை, அதைத் தின்னும் உடம்பின் வேலை மாறிவிட்டது. அதன்மேல் பப்ஸ், ஷவர்மா, நூடுல்ஸ், 5 ரூபாய் பாக்கெட், 20 ரூபாய் எனர்ஜி டிரிங்க் எல்லாம் வந்து சேர்ந்தன.

இதில் பசிக்கும் ஒரு பங்கு உண்டு, அதை நாம் பேசுவதே இல்லை. காலை மதரஸா விட்டு ஓடி வந்து, சீருடை மாட்டி, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பல பிள்ளைகள் காலைச் சாப்பாட்டைப் பாதியில் விடுகிறார்கள், அல்லது சாயாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அரசின் காலை உணவுத் திட்டம் 5-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதியம் பன்னிரண்டரைக்குத் தின்ற சோறு நாலரைக்குக் கரைந்துவிடும். அப்போது பேக்கரி முன்னால் நிற்கும் பையனிடம் இருப்பது ஆசை மட்டும் அல்ல, அசல் பசி. பசித்தவனிடம் கட்டுப்பாடு பேசி என்ன பயன்? காலையில் இரண்டு இட்லியோ, புட்டும் பயறுமோ வயிற்றில் இறங்கினால், மாலைச் சண்டையில் பாதி காலையிலேயே தீர்ந்துவிடும் என்பது எங்கள் எண்ணம்.

எவ்வளவு பெரிய காரியம் இது?

"வளர்ற பிள்ளை, தின்னுட்டுப் போகட்டும்" என்று சொல்லும் வாப்பும்மாக்களிடம் சில எண்களை வைக்க வேண்டியிருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர்களும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு இருக்கிறது. எல்லை தாண்டிய கேரளத்தில் 100-க்கு 25. நாம் இரண்டுக்கும் நடுவில், களியக்காவிளைக்கு இப்பால் உட்கார்ந்து இரண்டு மாநிலத்துப் பலகாரத்தையும் தின்கிறோம். 2016 முதல் 2018 வரை மத்திய அரசு குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடத்திய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கு ரத்தத்தில் சர்க்கரை வரம்பைத் தாண்டத் தொடங்கியிருந்தது. அதே கணக்கெடுப்பில் அந்த வயதுப் பெண்பிள்ளைகளில் 100-க்கு 40 பேருக்கு ரத்தசோகை. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை. பாக்கெட் தீனி பசியை அடக்கி, பயறும் கீரையும் மீனும் போக வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம்.

ஒரு சிறிய கணக்கு. கடையில் கிடைக்கும் சாதாரணக் குளிர்பானத்தின் லேபிளைப் பாருங்கள். 100 மில்லிக்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை என்று இருக்கும். 250 மில்லி குடித்தால் சுமார் 26 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அறிவுரை, சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் நின்றால் நல்லது என்பது. அதுவும் பெரியவர்களுக்கான கணக்கு. ஒரு சின்ன பாட்டிலில் அன்றைய பங்கு முடிந்துவிட்டது. சாயாவின் சர்க்கரை, பிஸ்கட், இரவில் ஐஸ்கிரீம் எல்லாம் அதற்கு மேல்தான்.

எனர்ஜி டிரிங்க் இன்னொரு ரகம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதல்ல என்று அந்த பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். எழுத்து மிகச் சிறியது. 8-ஆம் வகுப்புப் பையன் அதைக் குடித்துவிட்டு இரவு ஒரு மணி வரை தூக்கம் வரவில்லை என்றால், சுபுஹுக்கு எழுப்ப முடியவில்லை என்று குறைப்படுவதற்கு முன் அந்த பாட்டிலை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்.

2022-ல் காசர்கோட்டிலும் 2023-ல் நாமக்கல்லிலும் ஷவர்மா தின்ற பிறகு பள்ளி வயதுப் பிள்ளைகள் இறந்தபோது நாடே பேசியது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு நம் மாநில அரசு ஓராண்டுத் தடை போட்டது. நல்ல காரியம்தான். மறுநாளே வயிற்றைக் கலக்கும் உணவு என்றால் எல்லோருக்கும் பயம் வருகிறது. இருபது ஆண்டு கழித்து சிறுநீரகத்தில் வந்து நிற்கும் உணவுக்கு அந்தப் பயம் வருவதில்லை. அசாரிப்பள்ளம் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை வரிசையில் ஒரு காலை நின்றால் அந்தப் பயம் தானாக வரும்.

அந்த வயதின் மூளை

பத்து முதல் பதினெட்டு வயது வரை மூளையில் ஒரு ஏற்றத்தாழ்வு இருக்கிறது. சுவை, பாராட்டு, புதுமை இவற்றை நாடி ஓடும் பகுதி சீக்கிரம் விழித்துக்கொள்கிறது. "பொறு, பின்விளைவைப் பார்" என்று கடிவாளம் பிடிக்கும் நெற்றிப்பகுதி மூளை முழுதாக முதிர இருபது வயதையும் தாண்டிவிடும். கூட்டாளிகள் பக்கத்தில் இருக்கும்போது இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடுகிறது. அமெரிக்காவில் 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் வண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். தனியாக ஆடும்போது நிதானமாக ஆடிய பதின்வயதினர், நண்பர்கள் பார்க்கும்போது ஆபத்தான ஓட்டம் ஓட்டினார்கள். பெரியவர்களிடம் இந்த மாற்றம் அவ்வளவாக இல்லை. பேக்கரி வாசல் கூட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வீட்டில் "இனி வாங்க மாட்டேன் உம்மா" என்று அவன் சொன்னது பொய்யல்ல. சொன்னபோது அவன் தனியாக இருந்தான்.

உணவின் பக்கத்திலிருந்தும் ஒரு செய்தி. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலைப் பதம் செய்த உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். வைக்கப்பட்ட தட்டுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் சமம். ஆனாலும் தொழிற்சாலை உணவு தின்ற நாட்களில் அவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். இவர்கள் வயதுக்கு வந்த பெரியவர்கள். அவர்களுக்கே போதும் என்று தோன்றவில்லை என்றால் பிள்ளையை மட்டும் எப்படி நாக்கை அடக்காதவன் என்பது?

வாக்குத் தவறாத வீடு

சுயக்கட்டுப்பாடு என்றதும் பலரும் சொல்வது ஸ்டான்ஃபோர்டு மார்ஷ்மெல்லோ சோதனை. வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1960-களின் கடைசியில் தொடங்கியது. சிறுபிள்ளை முன்னால் ஒரு மிட்டாய். நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தார்கள் என்று ஒரு பேச்சு உலகமெங்கும் பரவியது. 2018-ல் இன்னும் பெரிய எண்ணிக்கையில் பிள்ளைகளை எடுத்து வேறு ஆய்வாளர்கள் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஆகவே நாலு வயதில் லட்டைப் பிடுங்கித் தின்ற பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

மிஷெலின் சோதனையில் நமக்குப் பயனுள்ளது வேறு. காத்திருந்த பிள்ளைகள் மிட்டாயை முறைத்துப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தவர்கள் அல்ல. கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள், பாட்டுப் பாடினார்கள். மிட்டாயை மூடி வைத்தபோது எல்லோருமே கூடுதல் நேரம் காத்தார்கள். அதாவது ஆசையோடு மல்லுக்கட்டி ஜெயிப்பதைவிட அது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது எளிது. சாப்பாட்டு மேசையில் கண்ணாடி பாட்டிலில் மிக்சரை நிறைத்து வைத்துவிட்டு "எடுக்காதே" என்று சொல்லும் வீடுகளுக்கு இது போதும்.

இன்னொரு சோதனை, 2012-ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது, எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. மிட்டாய் சோதனைக்கு முன்னால் பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன் என்று சொன்னவர், ஓர் அணிக்குக் கொண்டுவந்தார். இன்னோர் அணிக்குக் கொண்டுவராமல் "இல்லை" என்று சொல்லிவிட்டார். பிறகு மிட்டாயை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்தார்கள். ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் 3 நிமிடம். பொறுமை என்பது பிள்ளையின் குணம் மட்டும் அல்ல, எதிரில் நிற்கும் பெரியவரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதன் அளவும் கூட.

இதைப் படித்ததும் அபூதாவூதில் வரும் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வரும். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்கள் வீட்டில் அமர்ந்திருக்க, தாயார் மகனை "வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். என்ன தர நினைத்தாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்பது நபியவர்கள் சொன்ன கருத்து. "பரீட்சை முடியட்டும் வாங்கித் தாரேன்", "வெள்ளிக்கிழமை போகலாம்" என்று நாம் போகிற போக்கில் சொல்லி மறந்த வாக்குகளை எண்ணினால், பிள்ளை ஏன் கையில் இருப்பதை இப்போதே தின்கிறான் என்பது புரியும். வாரத்தில் ஒரு நாள் வெளிச்சாப்பாடு என்று சொன்னால் அந்த நாள் வந்தே தீர வேண்டும். அந்த நாள் உறுதியாக இருந்தால்தான் மற்ற ஆறு நாளும் நிற்கும், நோன்பு திறப்பு உறுதியாக இருப்பதால் பகல் நிற்பது போல.

பழக்கம் எங்கே ஒட்டியிருக்கிறது?

நாம் தின்பதில் ஒரு பங்கு, பசியாலும் ஆசையாலும் அல்ல, இடத்தாலும் நேரத்தாலும் வருகிறது. 2011-ல் அமெரிக்காவில் ஒரு சினிமா அரங்கில் சிலருக்குப் புதிய பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரம் பழையதும் கொடுத்துப் பார்த்தார்கள். அரங்கில் பாப்கார்ன் தின்றே பழகியவர்கள், பழையது நன்றாக இல்லை என்று சொல்லிக்கொண்டே புதியதற்குச் சமமாக அதையும் தின்று தீர்த்தார்கள். வேறு அறையில் வைத்துக் கொடுத்தபோது அப்படித் தின்னவில்லை. பழகாத கையால் தின்னச் சொன்னபோதும் அளவு குறைந்தது. (வலக்கையால் தின்பவர்கள் இடக்கைக்கு மாற வேண்டும் என்பதால் இந்தக் கடைசி உத்தி நமக்கு ஆகாது!)

ஆகவே பிள்ளையிடம் "ஏன் தின்றாய்" என்று கேட்பதைவிட "எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு" என்று கேட்பதில் விடை இருக்கிறது. டியூஷன் விட்டு வரும் வழியா, போன் பார்க்கும் கட்டிலா, மக்ரிப் தொழுதுவிட்டு நண்பர்களோடு நிற்கும் முக்கா? அந்த ஒட்டு தெரிந்தால் வழியை மாற்றலாம், சாப்பாட்டைப் பாயில் உட்கார்ந்து மட்டும் என்று வைக்கலாம், போனை அடுத்த அறையில் வைக்கலாம். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குவதும் இந்த வகையில் ஒரு நிறுத்தம்தான். நினைவின்றி வாய்க்குப் போகும் கை, அந்த ஒரு சொல்லில் ஒரு கணம் நிற்கிறது.

எத்தனை நாளில் பழக்கம் மாறும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைச் செய்யவில்லை. 21 நாளில் எல்லாம் மாறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். ரமலானின் 30 நாள் பாதி வழியில் கொண்டுபோய் விடுகிறது. ஷவ்வால் ஆறு நோன்பும், முடிந்தவர்களுக்குத் திங்கள், வியாழனும் மீதி வழிக்குத் துணை. (இபாதத்தாக வைக்கும் நோன்பை உடம்பு இளைக்கும் வைத்தியமாக ஆக்கச் சொல்லவில்லை. நோயுள்ள பிள்ளைகள் மருத்துவரைக் கேட்டே வைக்க வேண்டும்.) குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

ஏச்சு வேண்டாம்

உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன் உமர் இப்னு அபீஸலமா (ரலி) நபியவர்களின் பராமரிப்பில் வளர்ந்தவர். சிறுவயதில் அவர் கை தட்டு முழுக்க அலைந்துகொண்டிருந்தது. நபியவர்கள் மூன்றே விஷயம் சொன்னார்கள்: அல்லாஹ்வின் பெயரைச் சொல், வலக்கையால் சாப்பிடு, உனக்கு அருகில் இருப்பதைச் சாப்பிடு. அன்றிலிருந்து தம் உணவு முறை அதுதான் என்று வளர்ந்த பிறகு அவரே சொல்கிறார் (புகாரி). ஒரு பிள்ளையின் வாழ்நாள் பழக்கத்தை மாற்றியது மூன்று சிறு சொற்றொடர். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர் சொன்ன சொல் அது. நாமோ டிவி முன்னால் மிக்சர் தின்றுகொண்டே மகனுக்கு உபதேசம் செய்கிறோம்.

இதில் பெண்பிள்ளைகள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. அவர்கள் தெருக்கடைக்குப் போவதில்லை. தம்பியை அனுப்பி வாங்கி, அறைக்குள் வைத்துத் தின்கிறார்கள். "குண்டு", "தடிச்சி" என்று கல்யாண வீட்டில் மாமிமார் வைக்கும் பட்டப்பெயர் அந்த ரகசியத்தை வளர்க்கிறது. பட்டப்பெயர் சொல்லி அழைப்பதைக் குர்ஆன் ஹுஜுராத் அத்தியாயத்தில் தடுத்திருக்கிறது, வேடிக்கைக்கும் விலக்கு இல்லை. ஏச்சுப் பட்ட பிள்ளை கூடுதலாகத் தின்னும், அல்லது ஒன்றும் தின்னாமல் கிடக்கும். பிள்ளை சாப்பாட்டையே வெறுத்தாலோ, தின்றதை வேண்டுமென்றே வாந்தி எடுத்தாலோ அது குறும்பு அல்ல, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

ஏசாமல் வேறு எப்படிப் பேசுவது? அந்த வயதுப் பிள்ளைக்கு ஆரோக்கியம் பிடிக்காது, அநியாயம் பிடிக்காது என்பது அதைவிடப் பெரிது. அமெரிக்காவின் டெக்சாஸில் 13, 14 வயது மாணவர்கள் 500-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு சோதனை செய்து 2016-ல் வெளியிட்டார்கள். ஓர் அணிக்கு வழக்கமான சத்துணவுப் பாடம். இன்னோர் அணிக்கு, தீனி நிறுவனங்கள் பிள்ளைகளை எப்படி ஆட்டிவைக்கின்றன, நிறுத்த முடியாதபடி சுவையை எப்படிக் கலக்கின்றன என்ற விவரம். மறுநாள் தின்பண்டம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது இரண்டாவது அணி இனிப்பையும் குளிர்பானத்தையும் குறைத்து எடுத்தது. பிறகு செய்த தொடர் ஆய்வில், குறிப்பாகப் பையன்களிடம் அந்த மாற்றம் மாதக்கணக்கில் நின்றது. "உன்னை ஏமாற்றுகிறார்கள்" என்ற சொல், "உனக்கு நல்லது" என்ற சொல்லைவிட அந்த வயதில் வேலை செய்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு முன்பயிற்சியே இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பி ஜெலட்டின் இருக்கிறதா, எந்தக் குறியீட்டு எண் இருக்கிறது, ஹலாலா என்று பார்க்க நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கண் இன்னும் இரண்டு வரி கீழே போகட்டும். பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் மனிதர்களை அழைத்து உண்ணச் சொல்லும்போது ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே சொல்கிறான், அதாவது தூய்மையானது, நல்லது. லேபிளில் பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு என்ற வரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயரில் சர்க்கரையோ எண்ணெயோ மைதாவோ இருந்தால் பாக்கெட்டில் பெரும்பகுதி அதுதான். சர்க்கரைக்கு குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப் என்று வேறு பெயர்களும் உண்டு. மகனையே கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவன் கண் நம்மைவிடக் கூர்மை.

வீட்டுப் பலகாரம் என்றதும் எல்லாம் நல்லது என்று எண்ணிவிடவும் கூடாது. நம் ஊர் நேந்திரங்காய் சிப்ஸும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான். கருப்பட்டியும் சர்க்கரை வகைதான். ஆனால் வேகவைத்த மரச்சீனியும் காந்தாரித் துவையலும், அவித்த சிறுபயறு, நிலக்கடலை, அவல், சக்கை நேரத்தில் சக்கை, பனங்கிழங்கு நேரத்தில் பனங்கிழங்கு, இவை நாலரை மணிக்குச் சூடாக இருந்தால் பிள்ளை தின்னாமல் போவதில்லை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் கைக்குழந்தைக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? உணவுக்கு மூன்றில் ஒன்று, தண்ணீருக்கு மூன்றில் ஒன்று, மூச்சுக்கு மூன்றில் ஒன்று என்று மிக்தாம் (ரலி) வழியாகத் திர்மிதியில் வரும் அளவு, நல்ல உணவுக்கும் பொருந்தும்.

காசும் ஜமாஅத்தும்

வளைகுடாவில் இருக்கும் வாப்பாமாரிடம் ஒரு வார்த்தை. பக்கத்தில் இல்லாத குறையைக் காசால் ஈடுகட்ட மனம் துடிக்கும். மகன் போனுக்கு நேராக அனுப்பும் 200 ரூபாய் உம்மாவின் கையைக் கட்டிப்போடுகிறது. அவர் "வேண்டாம்" என்பார், வாப்பா காசு "வேண்டும்" என்று சொல்லும். இருவரும் பேசி ஒரே தொகையை முடிவு செய்யுங்கள். தினமும் 20 ரூபாய் கொடுத்தால் தினமும் 20 ரூபாய் போகும். வாரத்துக்கு ஒரு தொகை, அதோடு தீர்ந்தது என்றால் அவனே கணக்குப் போடத் தொடங்குவான்.

பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தீனியை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி செய்திருக்கிறது. விதி இருப்பது பல கடைக்காரர்களுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. கேரள அரசு 2016-ல் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீதம் வரி போட்டுப் பார்த்தது. அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது. சிலி நாடு 2016 முதல் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்தி, அத்தகைய தீனியைப் பள்ளிக்குள் விடாமல் நிறுத்தியது. அரசு செய்வதைச் செய்யட்டும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அந்த 50 மீட்டர் விதியை எழுந்து கேட்க நமக்கு யார் அனுமதியும் வேண்டாம். கடைக்காரர்களில் பலர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்களே. அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது நோக்கம் அல்ல. அவித்த கடலையும் சுண்டலும் மட்டிப்பழமும் அதே தட்டியில் விற்றால் வாங்கப் பிள்ளைகளை அனுப்புவது நம் பொறுப்பு. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் 2018 முதல் சட்ட வரம்பு உண்டு. கறுத்த எண்ணெயில் பொரித்த வடையை வேண்டாம் என்று சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது.

மதரஸாக்களில் சூரா மனனம் செய்த பிள்ளைக்கு சாக்லேட் பரிசு என்ற வழக்கத்தை உஸ்தாதுமார் யோசிக்கலாம். பேனாவோ ஒரு சீப்பு பழமோ கொடுத்தால் சந்தோஷம் குறையாது. பள்ளிவாசல் இஃப்தாரில் நபிவழியில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் முதலில் வருகிறது, பிறகு நம் நோன்புக்கஞ்சி, இரண்டும் அருமை. அதன்மேல் சமோசா, கட்லட், கலர் சர்பத் என்று ஏறும்போதுதான் பகலெல்லாம் காத்த பிள்ளையின் உடம்பு ஒரே மணி நேரத்தில் திணறுகிறது.

தொடங்க விரும்பும் வீடுகளுக்கு ஒரு வேலை. ஒரு தாளை அடுக்களைக் கதவில் ஒட்டுங்கள். முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், யாரையும் ஏச வேண்டாம். வீட்டில் எல்லோரும், வாப்பாவும் வாப்பும்மாவும் உட்பட, சாப்பாட்டு நேரம் தவிரத் தின்றதை எழுத வேண்டும்: என்ன, எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து தாளை நடுவில் வைத்து உட்காருங்கள். எந்த நேரத்தில் அதிகம் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் அடுத்த வாரம் என்ன செய்யலாம் என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். அவன் சொன்னதைத் தாளின் அடியில் அவன் கையாலேயே எழுதட்டும். பக்கத்தில் வாப்பா தன் சாயாச் சர்க்கரைக்கு ஒரு வரி எழுதட்டும்.